மோட்டார் ஓடுது, தண்ணி வரல

சித்தப்பாவின் போன் ராத்திரி ஒன்பதரைக்கு மேல்தான் அதிகம் அடிக்கும். பல்லடம் பக்கம் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது அவருக்கு. பகலில் வருகிறவர்கள் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கே வந்துவிடுவார்கள். ராத்திரி அழைப்பவர்கள் தோட்டத்தில், இருட்டில், ஸ்டார்ட்டர் பெட்டிக்கு முன்னால் செல்போன் டார்ச் அடித்துக்கொண்டு நிற்பவர்கள். அது த்ரீ பேஸ் கரண்ட் வரும் நேரம். விட்டால் அந்த முறை போச்சு.

சாப்பிடும்போது போனை ஸ்பீக்கரில் போட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். "சிங்கிள் பேஸுங்களா, த்ரீ பேஸுங்களா?" எப்போதும் இதுதான் முதல் கேள்வி. சிங்கிள் பேஸ் என்றால், "பட்டனை அமுக்குனா கும்முனு சத்தம் வந்து ட்ரிப் ஆகுதா? அப்ப கெப்பாசிட்டர் போயிருக்குமுங்க." த்ரீ பேஸ் என்றால், "மூணும் வருதான்னு பாருங்க, ஒரு பேஸ் விட்டிருக்கும்." லைன்மேன் வந்து கம்பத்தில் என்னவோ செய்துவிட்டுப் போனார், அப்போதிருந்து தண்ணீர் கம்மியாக வருகிறது என்று யாராவது ஆரம்பித்தால் பாதிக் கதையிலேயே மறித்துவிடுவார். "மோட்டார் திருப்பிச் சுத்துதுங்க. மூணு வயர்ல ஏதாச்சும் ரெண்டை மாத்திப் போடுங்க. மெயினை ஆஃப் பண்ணிட்டு மாத்தோணும்." பேசி முடிப்பதற்குள் ரசம் ஆறிப்போகும். சித்தி எதுவும் சொல்ல மாட்டார். ரசத்தை எடுத்துப்போய் மறுபடி சுட வைத்துக் கொண்டுவருவார், அவ்வளவுதான்.

வருகிறதெல்லாம் ஏழெட்டுக் கேள்விகள்தான். எழுதி இண்டர்நெட்டில் போட்டுவிட்டால் ஆட்கள் தாங்களே பார்த்துக்கொள்வார்களே, நீங்களும் நிம்மதியாகச் சாப்பிடலாமே என்று சொன்னது நான்தான். எனக்கு அது பெரிய வேலையும் இல்லை. திருப்பூரில் பதினொரு வருஷம் டிடிபி ஆபரேட்டராக இருந்தவள், கல்யாணப் பத்திரிகையிலிருந்து மோட்டார் கம்பெனி கையேடு வரை அடித்துக் கொடுத்தவள்; அப்புறம் வெப்சைட் செய்யக் கற்றுக்கொண்டு சின்னச் சின்னக் கடைகளுக்குச் செய்து தருகிறேன். ஒரு மாதம் சித்தப்பாவோடு உட்கார்ந்து எழுதி, படம் எடுத்து, வெப்சைட் செய்ய உதவும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் ஏற்றி முடித்தேன்.

நாலு மாதம் போயிற்று. போன் அதே ஒன்பதரைக்கு அடித்துக்கொண்டிருந்தது. ஒருநாள் சித்தப்பா கூப்பிட்டார்.

"அம்மிணி, நீ போட்டதைத் தேடிப் பாத்தேன். வருலையே."

"என்னன்னு தட்டுனீங்க சித்தப்பா?"

"மோட்டார் ஓடுது தண்ணி வரலைன்னு. ஆரார் வீடியோவோ வருது. நம்மளுது வருலை."

அவர் தட்டிய அந்த ஒரு வரியிலேயே நான் செய்திருந்த தப்பு பாதிக்கு மேல் இருந்தது. அது அப்போது எனக்குப் புரியவில்லை. முதலில் வேறு இரண்டு பெரிய ஓட்டைகளை அடைக்க வேண்டியிருந்தது.

நம் தளம் கூகுளிடம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் 'சைட்' என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடம் விடாமல் நம் முகவரியைப் போட வேண்டும். கூகுள் சேர்த்து வைத்திருக்கும் நம் பக்கங்கள் வரிசையாக வரும். எனக்கு ஒன்றுகூட வரவில்லை. கடைசிப் பக்கத்தில் கிடக்கிறோம் என்றால்கூட ஆறுதல். இது பேரே பதியாத கேஸ்.

காரணம் கண்டுபிடிக்க அரை மணி நேரம், சரிசெய்ய அரை நொடி. வேர்ட்பிரஸ் அமைப்புகளில் 'ரீடிங்' என்ற பக்கத்தின் அடியில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும், தேடுபொறிகளை வராமல் தடுக்கவா என்று கேட்டபடி. தளத்தைச் செய்துகொண்டிருந்தபோது அரைகுறையாக வெளியே தெரிய வேண்டாமே என்று நானே டிக் அடித்து வைத்திருந்தேன். திறப்பு விழா அன்று எடுக்க மறந்துவிட்டேன். அந்த டிக் இருக்கும்வரை ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் 'என்னைச் சேர்க்காதே' என்று ஒரு வரி, மனிதக் கண்ணுக்குத் தெரியாமல், கூகுளுக்கு மட்டும் தெரியும்படி உட்கார்ந்திருக்கும். நாலு மாதமாக நானே கதவில் 'உள்ளே வராதே' என்று எழுதி ஒட்டிவிட்டு, விருந்தாளி வரவில்லையே என்று காத்திருந்திருக்கிறேன். சித்தப்பாவிடம் இதை நான் சொல்லவில்லை. 'ஒரு சின்ன செட்டிங்' என்று முடித்துக்கொண்டேன்.

டிக்கை எடுத்தேன். சர்ச் கன்சோலில் தளத்தைப் பதிந்து, சைட்மேப்பை, அதாவது நம் பக்கங்களின் பட்டியலை, கொடுத்தேன். கூகுளே இலவசமாகத் தரும் கருவி இந்த சர்ச் கன்சோல். சொந்தமாகத் தளம் வைத்திருப்பவர்கள் அது இல்லாமல் இருப்பது மீட்டர் இல்லாமல் கரண்ட் வேலை பார்க்கிற மாதிரி. பத்துப் பன்னிரண்டு நாளில் பக்கங்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. ஆனால் முடிவுப் பட்டியலில் எங்கள் தளத்தின் பெயருக்குக் கீழே வந்த இரண்டு வரியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியும் சதுர அடைப்புக்குறியுமாக ஏதோ பூனை விசைப்பலகைமேல் நடந்த மாதிரி இருந்தது.

டிடிபி ஆட்களுக்கு இதைப் பார்த்ததுமே தெரியும். பாமினி.

எங்கள் காலத்தில் பிரஸ்ஸில் எல்லாமே பாமினிதான். பேஜ்மேக்கரைத் திறந்து, பாமினி ஃபாண்டை வைத்து, அடித்துத் தள்ள வேண்டியதுதான். அந்த ஃபாண்டில் 'தமிழ்' என்று திரையில் வர வேண்டுமென்றால் ஆங்கில விசைப்பலகையில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று அழுத்த வேண்டும். கணினிக்குள் பதிவதும் அந்த ஆங்கில எழுத்துகள்தான். அவற்றுக்கு மேலே தமிழ் உருவத்தை முகமூடி மாதிரி மாட்டிக் காட்டுவதுதான் ஃபாண்டின் வேலை. ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் கணினிக்குள் தனி எண் தரும் பொது முறை யூனிகோடு; அதில் தமிழ் 1991-இலேயே இடம்பிடித்துவிட்டது. 2010-இல் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோது தமிழக அரசும் யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணை போட்டது. எங்கள் கடை அதற்கப்புறமும் பாமினியில்தான் ஓடியது. அச்சடிப்பதற்கு முகமூடியே போதுமே, உள்ளே என்ன எழுத்து இருந்தால் காகிதத்துக்கு என்ன?

சித்தப்பா பல வருஷம் முன்பு பட்டறைப் பையன்களுக்காக ஒரு பாடக் குறிப்பு தயாரித்திருந்தார். அடித்துக் கொடுத்ததும் நான்தான். அந்தப் பழைய கோப்பிலிருந்து மூன்று பக்கங்களை அப்படியே எடுத்து ஒட்டி, ஃபாண்டையும் தளத்தில் ஏற்றியிருந்தேன். என் திரையில் அழகான தமிழ். கூகுளுக்கு முகமூடி தெரியாது. அது உள்ளே இருக்கும் எழுத்தைத்தான் படிக்கும். பழைய சொல்லடைவுப் புத்தகங்களைப் புரட்டியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சொல்லை அகரவரிசையில் வைத்து, அது எந்தெந்தப் பாட்டில் வருகிறது என்று எதிரே எழுதியிருப்பார்கள். கூகுள் வைத்திருப்பதும் அப்படி ஒரு பிரம்மாண்டச் சொல்லடைவுதான். நாம் தேடும்போது அது உலகம் முழுக்க ஓடிப் பார்ப்பதில்லை, முன்பே எழுதி வைத்த அடைவைத்தான் புரட்டுகிறது. எங்கள் பக்கம் 'ஜே' வரிசையில் கிடந்தால் 'த' வரிசையில் தேடுபவனுக்கு எப்படிக் கிடைக்கும்?

சரி, மாற்றிக்கொடுக்கும் மென்பொருள்கள்தான் இலவசமாகக் கிடைக்கின்றனவே என்று ஒன்றில் போட்டு யூனிகோடாக்கினேன். படித்துப் பார்த்தேன். ஒரு குறையும் தெரியவில்லை. பிறகு தற்செயலாக, நீளமான அந்தப் பக்கத்தில் ஓரிடத்தைப் பிடிப்பதற்காக பிரவுசரிலேயே 'மோட்டார்' என்று தேடினேன். பூஜ்யம் என்றது. பக்கம் முழுக்க மோட்டாராக இருக்கிறது, பூஜ்யமாம்.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு சாயங்காலம் ஆனது. கடைசியில் ஒரு 'மோட்டார்'மேல் கர்சரை வைத்து, பின்னாலிருந்து ஒவ்வொன்றாக அழித்துப் பார்த்தேன். புள்ளி போயிற்று. அடியில் இருந்திருக்க வேண்டியது 'ர'. இருந்தது துணைக்கால். அதாவது ரகரத்துக்குப் பதிலாகக் கால் எழுத்தைப் போட்டு, அதன் தலையில் புள்ளி வைத்திருந்தது: மோட்டாா். உங்கள் போனில் அது சரியான மோட்டார் மாதிரியே தெரியலாம். சில ஃபாண்டில் ஒரு புள்ளி வட்டம் எட்டிப் பார்க்கும். பாமினியில் 'ர்' அடிக்க நாங்கள் எல்லோரும் கால் எழுத்துக்குப் புள்ளி வைத்துத்தான் பழகியிருந்தோம். அச்சில் பார்க்க அதுதான் லட்சணம், கீழே அந்தச் சின்னக் கோடு இழுக்காமல் நறுக்கென்று இருக்கும். நல்ல மாற்றி என்றால் அந்த வழக்கத்தைப் புரிந்துகொண்டு 'ர்' ஆக்கிவிடும். எனக்குக் கிடைத்தது அவ்வளவு விவரமில்லாதது.

இப்போது மோட்டார் தொழிலில் புழங்கும் சொற்களை யோசித்துப் பாருங்கள். மோட்டார், ஸ்டார்ட்டர், வயர், கெப்பாசிட்டர், போர், ஏர் லாக், பேரிங் தவிர எல்லாவற்றிலும் 'ர்'. பக்கத்துக்கு உயிரான சொல் ஒவ்வொன்றும் கண்ணுக்கு ஒன்றாகவும் இயந்திரத்துக்கு வேறாகவும் இருந்தது. கூகுள் சில எழுத்துப் பிழைகளைத் தானே சரிசெய்துகொள்ளும்தான். எதைச் சரிசெய்யும், எதை விடும் என்று நம்பி உட்கார முடியாது. அந்தக் காலும் புள்ளியும் சேர்ந்த ஜோடியைத் தேடிப் பிடித்து 'ர்' என்று ஒரே அடியாக மாற்றினேன். கூடவே கெளரி, பெளர்ணமி என்று ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் ஒளிந்திருந்த இடங்களையும் பிடித்தேன். பட்டறையின் பெயரில் 'ஸ்ரீ' உண்டு. அதற்குள்ளும் ஒரு சூட்சுமம்: ஸகரத்தை வைத்தும் எழுதலாம், 2005-இல் யூனிகோடில் சேர்த்த ஶகரத்தை வைத்தும் எழுதலாம், பல ஃபாண்டில் இரண்டும் ஒரே உருவம். பலகையில் ஒன்று, பில்லில் ஒன்று என்று இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. தளத்தில் ஒரே மாதிரி ஆக்கினேன்.

இவ்வளவும் செய்த பிறகு சர்ச் கன்சோலில் கோடு லேசாகத் தலை தூக்கியது. வாரத்துக்கு மூன்று பேர், நான்கு பேர். அதில் ஒருவர் நான்.

அப்போதுதான் சித்தப்பா சொன்ன வரி திரும்ப ஞாபகம் வந்தது. அந்தப் பக்கத்துக்கு நான் வைத்திருந்த தலைப்பு என்ன தெரியுமா? 'நீர்மூழ்கி மோட்டார்களில் நீரேற்றக் குறைபாடுகளும் தீர்வுகளும்'. எழுதும்போது எவ்வளவு பெருமையாக இருந்தது. நல்ல தமிழ், பிசிறில்லாத தமிழ். இந்தப் பூமியில் ராத்திரி ஒன்பதரைக்குத் தோட்டத்தில் நிற்கும் ஒரு மனிதர்கூட 'நீரேற்றக் குறைபாடு' என்று தட்டப் போவதில்லை. மும்முனை மின்சாரம் என்று மின்வாரிய அறிவிப்பில்தான் இருக்கும். வரப்பில் அது த்ரீ பேஸ்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொண்டுபோய் சித்தப்பாவிடம் கொடுத்தேன். "போன் எடுத்ததும் அவங்க சொல்ற முதல் வாக்கியம், அதை மட்டும் அப்படியே எழுதுங்க சித்தப்பா. திருத்தாதீங்க." எதற்கு என்று கேட்டார். சொன்னேன். "அதுக்கென்ன" என்று பேனாவைச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டார்.

அந்த நோட்டை இன்றுவரை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். 'மோட்டார் ஓடுது தண்ணி வரலைங்க.' 'தண்ணி வந்துட்டே இருந்துச்சு, பொசுக்குனு நின்னுபோச்சு.' 'போர்டுல டக்குனு விழுந்துருது.' 'கும்முனு சத்தம் மட்டும் வருது.' 'ஆம்ஸ் ஏறுதுங்க.' 'மண்ணு அடிக்குது.' 'மோட்டார் ஷாக் அடிக்குது.' சித்தப்பா கையெழுத்தில் கிரீஸ் கறையோடு அறுபது எழுபது வரிகள். திருப்பிப் பார்த்தால் பதினைந்து வரிக்கு ஒருமுறைதான் புதிதாக ஒன்று வரும். மீதியெல்லாம் ஒன்றின் சாயல் இன்னொன்றில். யாருமே கோளாறின் பெயரைச் சொல்வதில்லை. பெயர் தெரிந்திருந்தால் அவர்கள் ஏன் கூப்பிடப் போகிறார்கள்? கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும்தான் சொல்கிறார்கள். நானோ பதிலின் பெயரைத் தலைப்பாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தலைப்புகளை மாற்றினேன். 'போர் மோட்டார் ஓடுது, தண்ணி வரல: எதை முதலில் பார்க்க வேண்டும்?' உள்ளே வழக்கமான எழுத்துத் தமிழ்தான், நீர்மூழ்கியும் ஒருமுறை வரும். ஆனால் தலைப்பும் முதல் பத்தியும் கேட்பவர் வாயிலிருந்து வந்ததாக இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். மனம் ஒப்பி 'வரல' என்று அடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பதினொரு வருஷம் புரூஃப் பார்த்த கை.

இது வேலை செய்ததற்கு இன்னொரு காரணம் உண்டென்று பின்னால்தான் தெரிந்தது. சர்ச் கன்சோல் நம்மிடம் வந்தவர்கள் என்ன தேடினார்கள் என்ற பட்டியலைப் பதினாறு மாதம் வரை வைத்திருக்கும். அதில் பாதி, தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியது. 'தண்ணி' என்ற ஒரு சொல்லையே எச் போட்டு, எச் இல்லாமல், ஒற்றை என்னோடு, இரட்டை என்னோடு என்று நாலு விதமாக. மீதியில் ஒரு பெரும்பங்கு அச்சு அசல் பேச்சுத் தமிழ்: 'மோட்டார் ஓடுது ஆனா தண்ணி வர மாட்டேங்குது என்ன பண்றது'. இவ்வளவு நீளத்தை யார் தட்டுவார்கள்? தட்டவில்லை, பேசியிருக்கிறார்கள். 2017-இல் கூகுள் குரல்வழித் தட்டச்சில் தமிழையும் சேர்த்தது. கை ஈரமாக இருக்கும், ஒரு கையில் டார்ச். மைக்கை அழுத்திவிட்டுச் சித்தப்பாவிடம் சொல்வதையே கூகுளிடமும் சொல்கிறார்கள்.

ஆங்கில எழுத்தில் தட்டுபவர்களுக்காக என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் ஒரு தம்பி போன் செய்தார். முதல் பக்கத்துக்குக் கொண்டுவருவதுதான் தொழிலாம். எல்லா உச்சரிப்பையும் ஆங்கிலத்தில் அடித்து, வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகப் பக்கத்தின் அடியில் ஒளித்து வைத்துவிடலாம் என்றார். ஐநூறு தளங்களிலிருந்து இணைப்பு வாங்கித் தருகிறேன் என்றார். பக்கத்தின் தலையில், தேடுசொற்களை அடுக்கிய கீவேர்டு வரி சேர்க்கத் தனிக் கட்டணம் என்றார். அந்தக் கீவேர்டு வரியைத் தரவரிசைக்குப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009-இலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. விலைக்கு வாங்கிய இணைப்புகளைக் குறிவைத்து 2012-இல் 'பென்குயின்' என்று ஒரு மாற்றம் வந்து எத்தனையோ தளங்களைக் கவிழ்த்தது. ஒளித்த எழுத்தும் விதிமீறல்தான். தம்பியிடம் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தேன். "அக்கா, நீங்க ரொம்பப் பழைய ஆள்" என்று வைத்துவிட்டார். அவர் விற்றதுதான் பழைய சரக்கு.

நான் செய்தது இவ்வளவுதான்: ஒவ்வொரு பக்கத்தின் முகவரியையும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வைத்தேன், மோட்டார்-தண்ணி-வரல என்கிற மாதிரி. அதற்கு வேறு காரணமும் இருந்தது. முகவரியில் தமிழ் இருந்தால் ஒவ்வொரு குறியும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்து. ஆக ஒரு குறிக்கு ஒன்பது. 'மோட்டார்' என்பது கணினிக் கணக்கில் எட்டுக் குறி. வாட்ஸப்பில் ஒட்டினால் எழுபத்திரண்டு எழுத்து நீளத்துக்கு நெளியும். வேர்ட்பிரஸ் அந்த இடத்துக்கு 200 எழுத்துதான் தரும் என்பதால் இருபத்திரண்டு குறிக்கு மேல் போனால் வெட்டிவிடும். என் பழைய தலைப்பு 'நீர்மூழ்கி மோட்டார்களில' என்பதோடு கழுத்தறுபட்டு நின்றிருந்தது. அந்த நீளப் பாம்பைப் பார்த்து, வைரஸ் லிங்க் என்று நினைத்துத் திறக்காமலே விட்டேன் என்று ஒருவர் சித்தப்பாவிடமே சொல்லியிருக்கிறார். பழைய முகவரிக்கு வருகிறவர்களைப் புதியதற்குத் திருப்பிவிட மறக்கவில்லை, அந்த ஒரு பாடமாவது முன்பே படித்திருந்தேன்.

நடுவில் ஒரு பேராசையும் பட்டேன். நோட்டில் இருந்த வரி ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் என்று முப்பதுக்கு மேல் செய்தேன். ஒவ்வொன்றிலும் எட்டு வரி, அதில் நாலு வரி பொதுவானது. 'வந்து பார்த்தோம், சேர்த்துக்கொள்ளவில்லை' என்ற பொருளில் சர்ச் கன்சோல் அவற்றில் பெரும்பாலானவற்றை ஓரம் கட்டியது. கோபிக்க ஒன்றுமில்லை. சாயல் மாறிய ஒரே கேள்வியை முப்பது பக்கமாகப் பிழிந்தால் படிப்பவருக்கும் அப்படித்தான் இருக்கும். ஒன்பது பக்கமாகச் சேர்த்துக் கட்டினேன். சித்தப்பா எடுத்த படங்கள் ஒவ்வொன்றும் நாலு எம்பி. அவற்றைச் சுருக்கினேன், தோட்டத்தில் சிக்னல் ஒரு கோடுதான் இருக்கும்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் எனக்கும் சித்தப்பாவுக்கும் தகராறு. ஒன்பது பக்கத்திலும் முதல் வரி ஒன்றேதான்: 'முதலில் மெயினை ஆஃப் செய்யுங்கள். ஆஃப் செய்த பிறகும் கெப்பாசிட்டரில் கரண்ட் நிற்கும், வெறும் கையால் தொடாதீர்கள்.' அவர் வைக்கச் சொன்னது. தேடல் முடிவில் தலைப்புக்குக் கீழே ஒன்பதுக்கும் அந்த வரியே வந்துகொண்டிருந்தது. எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? கீழே தள்ளிவிடலாமே என்றேன்.

"வேண்டாம்."

"ஒரு பத்தி தள்ளித்தான் சித்தப்பா. அப்பத்தான் கூகுள்ல நல்லா..."

"பட்டறையில வேலை பாத்த பையன் ஒருத்தன் கையைப் பாத்திருக்கயா நீ? பெருவிரல்ல இருந்து மணிக்கட்டு வரைக்கும். அந்த வரி மேலதான் இருக்கோணும்."

மேலேயேதான் இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் தனியாகச் சுருக்கக் குறிப்பு எழுதி வைத்தேன். கூகுள் அதைச் சில நேரம் எடுத்துக்கொள்கிறது, சில நேரம் தன் இஷ்டத்துக்கு மெயின் சுவிட்ச் வரியையே காட்டுகிறது. காட்டட்டும்.

உண்மையைச் சொன்னால், பட்டறைக்கு என்று பார்த்தால் இத்தனை வேலையையும்விட அதிகம் ஆள் கொண்டுவந்தது கூகுள் மேப்பில் கடையைச் சரியாகப் பதிந்ததுதான். அரை நாள் வேலை. பெயர், திறக்கும் நேரம், பலகை தெரியும்படி ஒரு படம், அமாவாசையன்று பட்டறை லீவு என்ற தகவல். பக்கத்து ஊர்க்காரர்களுக்கு அது போதும். கட்டுரை வேண்டியிருப்பது தொலைவில் இருப்பவர்களுக்கு.

தொலைவில் இருப்பவர்கள் வந்தார்கள். அங்கேதான் என் கணக்கு தப்பியது. போன் குறையும் என்று தொடங்கிய வேலை இது. தளத்தில் பட்டறை எண் இருந்தது. இந்தக் கோடையில் விழுப்புரத்திலிருந்து, சிவகங்கையிலிருந்து, எங்கிருந்தெல்லாமோ ராத்திரி அழைப்பு. எண்ணை எடுத்துவிடுகிறேன் என்றேன். சித்தப்பா ஒப்புக்கொள்ளவில்லை. "படிச்சுப் பாத்துட்டுத்தானே கூப்புடறாங்க. கேள்வி சுருக்கமா இருக்குது" என்றார். அது நிஜம்தான். 'கெப்பாசிட்டர் மாத்திட்டேன், அப்பவும் சத்தம் மட்டும்தான் வருது, அடுத்து என்ன' என்று மூன்றாவது படியிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். சில பேர் ஓடுகிறது என்று சொல்வதற்காகவே கூப்பிடுகிறார்கள்.

சமீபமாகச் சில தேடல்களுக்கு மேலே ஏஐ பதிலே வந்துவிடுகிறது. எங்கள் பக்கம் காட்டப்படும் எண்ணிக்கை ஏறுகிறது, திறந்து படிப்பவர்கள் ஏறவில்லை. எனக்கு அது வயிற்றெரிச்சல். சித்தப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அந்தப் பதிலை மெதுவாகப் படித்தார். "இதுல மெயினை ஆஃப் பண்ணச் சொல்லியிருக்கா?" என்று கேட்டார். நான்காவது வரியில் இருந்தது. "ம்" என்றார், திருப்தியா இல்லையா என்று தெரியவில்லை.

போன வாரம் போயிருந்தபோது நோட்டைப் புரட்டினேன். இரண்டாவது நோட்டு இது. கடைசியாக எழுதியிருந்தது, ஒட்டன்சத்திரத்துக்காரர் ஒருவர் சொன்னதாம்: 'மோட்டார் விக்குதுங்க.'

"விக்குதா? அப்படின்னா?"

"தண்ணி விட்டு விட்டு வருது. போர்ல ஊத்து பத்துல, காத்தையும் சேத்து இழுக்குது. குடிச்சவன் விக்கற மாதிரி விக்கி விக்கி வரும். நல்லாத்தான் சொல்லியிருக்கான்."

எங்கள் பக்கத்தில் அது 'தண்ணி விட்டு விட்டு வருது' என்று இருக்கிறது. விக்குது எங்கேயும் இல்லை. நாளைக்குச் சேர்க்க வேண்டும்.